கழற்றி வைத்த கறுப்புக் கண்ணாடி

என் வலது கண்ணைப் பற்றி என்னைவிட ஊராருக்குத்தான் அதிகம் தெரியும். மூக்குப் பக்கத்து ஓரத்தில், வெள்ளை விழியின் மேல் ஒரு சதை முளைத்து, கருவிழியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சும்மா போனதில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற அம்மா நாலு நந்தியாவட்டைப் பூவைக் கையில் திணித்து, "இத்த கண்ணு மேல வச்சிகினு படு, ரெண்டே நாள்ல உருகிடும்" என்றாள். எதிர்வீட்டுக்காரி தேன் விடச் சொன்னாள். அவளுடைய நாத்தனார், பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்றிருக்கிற பெண்ணிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கித் தருவதாகவே சொல்லிவிட்டாள். "அந்தக் குழந்தைக்கே பத்தலையாம், எனக்கு எதுக்கு?" என்றேன். உடனே கோபித்துக்கொண்டாள். நான் கோபப்பட வேண்டிய இடத்திலெல்லாம் அடுத்தவர்கள் முந்திக்கொள்வது என் தலையெழுத்து.

நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. நெமிலிச்சேரிக்கும் திருநின்றவூருக்கும் நடுவே மனை பிரித்துப் போட்ட லேஅவுட் நிறைய உண்டு. தார் ரோடு போட்டிருப்பார்கள், ரோட்டோரம் எண் எழுதிய கல் நட்டிருப்பார்கள், வீடு மட்டும் ஒன்றுகூட இருக்காது. வண்டி பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மோத ஆளில்லை, மாடில்லை, பஸ் இல்லை. மரமும் இல்லை. ஒதுங்கி நிற்க ஒரு முழ நிழல் கிடையாது. கொஞ்சம் காற்றடித்தால் போதும், செம்மண் கிளம்பி நேராகக் கண்ணுக்குள் வந்து உட்காரும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளாஸ் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று டாக்டர் முதல் பால்காரர் வரை எல்லோரும் கேட்டாயிற்று. யாருக்கு வைப்பது? என்னிடம் வருகிறவர்கள் ஃபிளாட்டில் குடியிருக்கிற பெண்கள், ஆவடி குவார்ட்டர்ஸ் பெண்கள். புருஷன் ஷிப்டுக்குப் போய், பிள்ளைகள் ஸ்கூல் வேன் ஏறி, மாமியாருக்கு டிபன் கொடுத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு விட நேரம். அது பத்து மணி. பன்னிரண்டரைக்குள் திரும்பியாக வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த இரண்டரை மணி நேரம்தான் என் பிழைப்பு.

சொல்லிக்கொடுக்கும் விதம் வேறு அப்படி. பழகுகிறவளுக்குப் பின்னால் நான் ஏறி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கையை நீட்டி அவள் கையோடு சேர்த்து பிரேக்கைப் பிடித்துக்கொள்வேன். என் தாடை அவள் தோளில் இடிக்கும். நான் பேசுகிற மூச்சு அவள் காதில் படும். பயந்தால் வண்டிக் கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்ப்பாள். அவ்வளவு நெருக்கம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

சதை உறுத்த ஆரம்பித்து, ஊசி கோக்க முடியாமல் போனபோது, கைக்கெட்டின ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். "ஒண்ணுமில்லம்மா, சுரண்டி எடுத்துடலாம், அரை மணி நேர வேலை" என்றார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலமே வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். அப்பாடா, விட்டது சனி என்று இருந்தேன். நாலே மாதம். போன சதை திரும்பி வந்தது. முன்னால் மெல்லிசாக இருந்தது, இப்போது தடித்து, சிவந்து, கருவிழியின் மேல் காலை வைத்துவிட்டது. திரும்பி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களாம். எனக்குக் கேட்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே போய்ப் படுக்கிறேன்?

அதன் பிறகுதான் பூந்தமல்லி பக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் என் வீட்டுக்காரரும். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அளவு துளி பிசகினாலும் முகம் சுளிக்கிற ஆள். டாக்டர் என் வயதில் பாதிதான் இருப்பார், பெண். நிதானமாகப் பார்த்துவிட்டு நிதானமாகவே சொன்னார்.

"போன தடவை சதையை மட்டும் எடுத்துட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டுட்டாங்க. வெறும் இடம் கிடைச்சா அது திரும்ப வளரத்தான் செய்யும். இந்தத் தடவை மேல் இமைக்கு அடியில இருந்து மெல்லிசா தோல் எடுத்து அங்க ஒட்டிடுவேன். ஆனா அதோட முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஆபரேஷன் பாதிதான். மீதிப் பாதி உங்க கையில இருக்கு."

மீதிப் பாதி என்பது இரண்டு காரியம். சொட்டு மருந்தை நானாக நிறுத்தாமல், அவர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். வெளியே தலை காட்டினால், பக்கவாட்டிலும் மூடியிருக்கிற கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். வெயில், தூசு, காற்று மூன்றும் அந்தக் கண்ணுக்கு ஆகாது.

"மறுபடியும் வந்தா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"நடு விழிக்கு ஏறும். எடுத்தாலும் தழும்பு நிக்கும். போன பார்வை முழுசா வராது."

பஸ்ஸில் வரும்போது அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "இதோ பாரு. இன்னொரு தபா கண்ணுக்கு எதுனா ஆச்சு, வண்டிய வித்துட்டு ஊட்ல குந்து. நான் சம்பாரிக்கிறது போதும்." அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். அன்பாகச் சொன்னால் என்ன செய்வது? பதினோரு வருஷமாக, கைப்பிடியைத் தொடவே நடுங்கினவர்களை நான் ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். நான் வீட்டில் குந்துவதா?

ஆபரேஷன் அன்று கண்ணில் மருந்து விட்டு மரக்கவைத்து, ஓர் ஊசியும் போட்டார்கள். முகத்தை மூடிய துணியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரே வெளிச்சம். கத்தரிக்கிற சத்தம் கேட்டது, வலி இல்லை. "கீழ பாருங்க, கால் கட்டை விரலைப் பாருங்க" என்றார் டாக்டர். துணிக்கு அடியில் படுத்துக்கொண்டு எந்தக் கட்டை விரலைப் பார்ப்பது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "சிரிக்காதீங்கம்மா, ஒட்டு நகர்ந்துடும்" என்றார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒட்டின தோல் நகராமல் இருக்க வேண்டுமென்று மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டேன்.

ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். மருந்தை நேரம் தவறாமல் விட்டேன். ஸ்டீராய்டு மருந்து என்று கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்காரி, "அய்யய்யோ, உடம்பு ஊதிடும்கா, நிறுத்திடு" என்றாள். அவள் பேச்சை நான் கேட்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்தவள் எங்கே கோட்டை விட்டேன் என்பதுதான் கதை.

மறுபடி லேஅவுட்டுக்குப் போன முதல் நாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றேன். குவார்ட்டர்ஸிலிருந்து ஐந்து பேர் சேர்ந்து வருகிற பேட்ச் அது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினவர்கள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள்.

"அக்கா... மெட்ராஸ் ஐயா?"

"இல்லம்மா, கண்ணுல சதை எடுத்திருக்கு. ஆபரேஷன்."

"அப்ப ஏன் கண்ணாடி?"

"வெயிலுக்கும்மா."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். மெட்ராஸ் ஐ வந்தவர்கள்தான் இங்கே கறுப்புக் கண்ணாடி போடுவார்கள், அவர்கள் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும். இது எங்கள் பக்கத்தில் பிறக்கும்போதே காதில் ஊதி அனுப்புகிற விஷயம். பார்வையில் எதுவும் ஒட்டாது என்று எத்தனை டாக்டர் சொன்னாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார்கள். சரி, நம்பட்டும் என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். அது அதைவிட வினையாகப் போயிற்று. ஒட்டுப் போட்ட இடம் இன்னும் ரத்தச் சிவப்பாக இருந்தது. "ஐயோ, மூடுங்கக்கா!" என்று ஒருத்தி கத்தியே விட்டாள்.

அன்று ஒருத்திகூட என் முன்னால் உட்காரவில்லை. மத்தியானம் வாட்ஸப்பில் செய்தி வந்தது: "அக்கா உங்களுக்கு நல்லா சரியாகட்டும். பிறகு வரோம். வீட்ல குழந்தைங்க இருக்காங்க." பக்கத்தில் இரண்டு கைகூப்பும் பொம்மை வேறு. போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல் இருந்தது. ஃபிளாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மூன்று பேரும் அதே வாரத்தில் நின்றார்கள். ஒருத்தி திருநெல்வேலிக்காரி, நல்ல பெண், நேரிலேயே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க மாமியார்தான் சத்தம் போடுதாவ." எல்லார் வீட்டிலும் பழியைத் தூக்கிப் போட ஒரு மாமியார் இருக்கிறாள்.

இன்னும் ஒரு மாதம் போனது. சிவப்பு வடிந்து, வெளுத்து, உற்றுப் பார்த்தால் தெரிகிற இளஞ்சிவப்பானது. முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய கண் திரும்பி வந்த மாதிரி. புதிதாக இரண்டு பேர் சேர வருவதாகப் போன் பண்ணினார்கள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கண்ணாடி போட்டால் நோயாளி என்கிறார்கள். கழற்றினால் வெள்ளைக் கண் தெரிகிறது, நம்புகிறார்கள். அப்படியானால் அவர்கள் வருகிற நேரத்தில் மட்டும் கழற்றிவிட்டால் போயிற்று!

பத்து மணிக்குக் கழற்றி வண்டி சீட்டுக்கு அடியில் வைப்பேன். பன்னிரண்டரைக்கு எடுத்துப் போட்டுக்கொள்வேன். வீட்டுக்குப் போகும் வழியில் போட்டிருப்பேன். சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போவேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது வாசலில் நின்றால்கூட மூக்கின் மேல் கண்ணாடி இருக்கும். "பரவால்ல, ஒயுங்கா இருக்குற" என்று அவர் மெச்சிக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் கண்ணாடி, மண்டை பிளக்கிற அந்த இரண்டரை மணி நேரம் வெறுங்கண். எழுதும்போது எவ்வளவு மடத்தனமாகத் தெரிகிறது! அன்று அது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. தூசு விழுந்தால் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். ஆட்கள் வந்தார்கள். ஏழு பேர் ஆனார்கள். என் தாடை அவர்கள் தோளில் இடித்தது, யாரும் நெளியவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் எல்லாம்.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு நான் மட்டும் போனேன். டாக்டர் என் தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, விளக்கைக் கண்ணில் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணாடி போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அவர் விளக்கை அணைத்துவிட்டு என் கண்ணைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். "உங்க தாடையில ஹெல்மெட் வார் பட்ட இடம் வெளுப்பா கோடு மாதிரி தெரியுது. மத்த இடமெல்லாம் வெயில்ல கறுத்திருக்கு. இத்தனை நாள் வெயில்ல கண்ணாடி போட்டிருந்தா கண்ணைச் சுத்தியும் அப்படித்தானே வெளுத்திருக்கணும்? ஒரே கறுப்பா இருக்கே?"

எனக்கு முகம் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்ட கோபம். "உங்களுக்கென்ன டாக்டர், ஏசி ரூம்ல உக்காந்து சொல்லிடுவீங்க. கண்ணாடி போட்டா ஒருத்தி வர மாட்டேங்கறா. மெட்ராஸ் ஐனு ஓடறாளுங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவர் திருப்பிக் கத்தவில்லை. ஒட்டின தோலின் ஓரத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, கருவிழிப் பக்கம் நகர ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். இப்போதே பிடித்தால் நிறுத்தப் பார்க்கலாம், வாரம் ஓர் ஊசி, அந்த இடத்திலேயே, நாலு வாரம். நிற்கும் என்று உறுதி கொடுக்க முடியாது.

கண்ணில் ஊசி என்றால் வீட்டில் மறைக்க முடியாது. சொன்னேன், எல்லாவற்றையும். சீட்டுக்கு அடியில் வைத்ததையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "என்னியே ஏமாத்திகினு இருந்திருக்க" என்றார். அவ்வளவுதான். நாலு வாரமும் ஊசி அன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஊசி போடுமுன் மரக்கிற மருந்து விடுவார்கள், ஆனாலும் ஊசி வருவது கண்ணுக்குத் தெரியும். எதிரே வருகிறதைப் பார்க்காமல் இருக்க அந்தக் கண்ணாலேயே எப்படி முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு, என் கண்ணாடியைப் பார்த்து ஓடினவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் திட்டுவதற்கு ஆள் தீர்ந்து, என்னையே திட்டினேன்.

அந்த வாரங்களில் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கிளாஸுக்குப் போனேன். ஏழு பேர் இரண்டு பேரானார்கள். நிற்கிறவர்கள் நிற்கட்டும் என்று இருந்தேன். இருக்க முடிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன், தினமும் காலி ரோட்டைப் பார்த்தால் வயிறெரிந்தது.

ஆறாம் மாதம் கடைசிப் பரிசோதனை. சதை நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஆனால் நிற்பதற்கு முன்னால் கருவிழி மேல் கொஞ்சம் ஏறிவிட்டது. எவ்வளவு பார்வை மிச்சம் என்று பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, இடது கண்ணை மறைத்து, எதிர்ச் சுவரிலிருந்த பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். "கண்ணுக்கு எதுனா ஆச்சு, வண்டிய வித்துடு" என்று சொன்னவர்.

முதல் வரிகள் வந்தன. படித்தேன். கடைசி இரண்டு வரிக்கு வந்தபோது சுவரில் கறுப்புப் பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது, எழுத்து இல்லை. ஆனால் ஆபரேஷனிலிருந்து எத்தனை தடவை அதே நாற்காலி, அதே பலகை! எனக்கு அது மனப்பாடம். வாய் பாட்டுக்குச் சொன்னது. "ப, ட, ர, ம, ய..." அந்த இரண்டில் மேல் வரியை முடித்துவிட்டேன். "நல்லா படிக்கிறீங்களே" என்றாள் எழுதிக்கொண்டிருந்த பெண். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டது கேட்டது. இத்தனை நாளில் அவர் தோள் அன்றுதான் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதுவும் தெரியும். சொல்லிவிட்டால் வண்டி என்னுடையது.

"தெரியலம்மா" என்றேன். "இந்த ரெண்டு வரியும் தெரியல. இப்ப சொன்ன வரியும் மனப்பாடமாத்தான் சொன்னேன்."

அந்தப் பெண் எழுதினதை அடித்தாள். வீட்டுக்காரர்தான் டாக்டரிடம் கேட்டார்: "இவ வண்டி ஓட்டலாங்களா?" இடது கண் நன்றாக இருக்கிறது, வலது கண்ணுக்குப் பவர் போட்ட கறுப்புக் கண்ணாடி தருகிறேன், அதோடு ஓட்டலாம், சொல்லியும் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அந்த இரண்டு வரியில் ஒன்று அதனால் திரும்பலாம். மற்றொன்று போனது போனதுதான்.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அவர் என் பக்கம் திரும்பினார். வண்டியை விற்பதைப் பற்றி ஆரம்பிக்கப்போகிறார் என்று நானும் பதிலைத் தயார் பண்ணி வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கடைசி வரில இன்னா எழுதியிருந்துச்சு?" என்றார்.

சொன்னேன், ஒரு எழுத்து விடாமல்.